திரும்பி வந்த கைப்பேசி

பழைய கைப்பேசிகளைத் தானமாகப் பெற்று, பழுது பார்த்து, தேவைப்படுவோருக்குக் கொடுக்கும் வேலையை மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் நாங்கள் நால்வர் செய்கிறோம். ஒவ்வொன்றின் நிலையையும் நோட்டில் குறிப்பது என் பொறுப்பு. கொடுக்கும் முன் எல்லாவற்றின் மொழியையும் தமிழுக்கு மாற்றிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பாகான் டாலாமைச் சேர்ந்த செல்வி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வேலை நேரம், பஸ் நேரம் எல்லாம் கைப்பேசியில்தான் வரும். ஆனால் எங்களிடம் வாங்கிப் போன மூன்றாம் நாளே அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"கெட்டுப்போச்சாம்மா?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணே. வேற யாருக்காச்சும் குடுத்துருங்க லா."

"அப்போ வேலை?"

"நேத்து பஸ் நேரம் மாறுனது தெரியாம பஸ்ஸ விட்டுட்டேன். இன்னொரு தடவ விட்டா நிறுத்திருவாங்க." தலையைக் குனிந்துகொண்டார். "போன்ல எல்லாம் தமிழா இருக்கு, எனக்குத் தமிழ் படிக்க வராது அண்ணே. மலாய் ஸ்கூல். யார்கிட்டயாச்சும் கேட்டா சிரிப்பாங்க."

கீறலுக்கும் பேட்டரிக்கும் என் நோட்டில் தனித்தனிக் கட்டம் இருந்தது. எந்த மொழியில் படிப்பீர்கள் என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை.

உடனே மலாய்க்கு மாற்றினேன். அவர் விரல்கள் பறந்தன.

"எனக்கே சொல்லித் தருவீங்க போல!"

"ஒரு தே தாரேக் டீ வாங்கிக் குடுங்க, சொல்லித் தர்றேன் லா."

அன்றே நோட்டில் புதிய கட்டம் போட்டு, முன்பு வாங்கிப் போனவர்களையும் ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டேன்.

மறுநாள் விடிந்ததும் செல்வியின் செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். எழுத்துக்கூட்டித்தான் என்னால் படிக்க முடிந்தது: "பஸ் ஏறிட்டேன் அண்ணே."