பூநகரியிலிருந்து கொக்கிளாய்க்கு மூன்று சைக்கிள்கள்

வன்னியில் மூன்று பெண்கள் சைக்கிள் கரியரில் மூட்டை கட்டிக்கொண்டு வரிசையாகப் போனால், அதை யாரும் உல்லாசப் பயணம் என்று நினைப்பதில்லை. பூநகரியை விட்டுப் புறப்பட்ட முதல் ஒரு மணி நேரத்திலேயே நான்கு பேர் எங்களை மறித்துவிட்டார்கள். ஒருவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

"என்னக்கா, ஏதும் பிரச்சினையோ?"

"ஒரு பிரச்சினையும் இல்லை. சும்மா போறம்."

"சும்மாவோ? எதுவரைக்கும்?"

"கொக்கிளாய்."

அவர் எங்கள் மூவரின் வயதையும் கண்ணாலேயே கூட்டிப் பார்த்தார். "ஏன், பஸ் ஓடேல்லையோ?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் சனம் சைக்கிளில் பாயும் பானையும் கட்டிக்கொண்டு தூரம் போனதெல்லாம் உயிர் தப்பத்தான். ஆசைக்குப் போனவர்களை நானும் கண்டதில்லை. ஆனாலும் ஐந்தாவது ஆள் மறித்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு அது கெதியாக வரும்.

திட்டம் அக்காவுடையது. ஊரே அக்கா என்று கூப்பிடும் அவர், எங்கள் வட்டக்கச்சியில் மிட்வைஃபாக இருந்து ஓய்வுபெற்றவர். "இவ்வளவு வருசமும் சைக்கிள் ஓடினதெல்லாம் மற்றவையின்ர பிள்ளைப்பெறுவுக்கு. ஒருக்கா எனக்காக ஓடவேணும்" என்றார். மேற்கே கடல் உள்ளே புகுந்து நிற்கும் ஒரு களப்பில் தொடங்கிக் கிழக்கே இன்னொரு களப்பில் முடிப்பது, மூன்று நாட்கள். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் ஆசிரியையான நானும் சேர்ந்துகொண்டேன். மூன்றாவது ஆள் என் பக்கத்து வீட்டுக்காரி, தனி ஆளாக இரண்டு ஏக்கர் வயல் செய்கிறவள். மூன்று பேரில் காலில் உண்மையான பலம் உள்ளவள் அவள்தான். பரந்தன் சந்தியில் அக்கா எங்கள் இருவரையும் பார்த்து, "வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பினீங்களோ, தெரியும்" என்று வெருட்டினார். வீடு அவ்வளவு கிட்ட இருந்தது. நான் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் போயிருப்பேன்.

முதல் நாள் பொழுதுபடும் நேரம் விசுவமடுவில், அக்காவுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தங்கினோம். நல்ல மனுசி. முற்றத்தில் கதிரை போட்டு, தேநீர் தந்து, அவித்த கச்சான் கடலையைச் சுளகோடு கொண்டுவந்து வைத்தாள். பிறகு எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"எந்த இடம் நீங்கள்?"

வட்டக்கச்சி என்றேன். அது போதாது. பிறந்த இடம் வேண்டும். வடமராட்சி என்றேன், அவள் முகம் மலர்ந்தது. அக்கா பிறந்தது முல்லைத்தீவு, அதுவும் சரி. பிறகு அவள் பக்கத்து வீட்டுக்காரியின் பக்கம் திரும்பினாள். இவள் கையிலிருந்த கச்சானை உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வகுப்பில் பிள்ளை எழும்பி நின்று யோசிக்கும்போதே பொறுமை கெட்டு விடையை நானே சொல்லிவிடுவேன். அப்படித்தான் சொன்னேன்.

"அவ மலைநாட்டு ஆக்கள்."

"ஓ, அப்பிடியே" என்றாள் வீட்டுக்காரி. குரலில் ஒரு கெடுதலும் இல்லை. "உங்கட ஆக்கள் நல்லா வேலை செய்வினம். அடுத்த மாதம் கச்சான் பிடுங்கவேணும், ஆள் கிடைக்குதில்லை. நாலு பேரைப் பிடிச்சுத் தாறீங்களோ?"

தன் வயலுக்கே கூலிக்கு ஆள் தேடித் திரிகிறவள் என் பக்கத்து வீட்டுக்காரி. "பாப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தேநீர்க் கோப்பையைக் கழுவ எழுந்து போனாள்.

அடுத்த நாள் காலையில் அவள் எங்களோடு வரவில்லை. வந்தாள்தான், ஆனால் எப்போதும் இருநூறு மீற்றர் முன்னால். நான் இறுக்கி மிதித்தால் அவளும் இறுக்கி மிதித்தாள். எதிர்க்காற்றில் அவளைப் பிடிக்க என்னால் ஆகவில்லை. நான் அக்காவிடம் பாய்ந்தேன்.

"நான் என்ன பொய்யே சொன்னனான்? தாய் தகப்பன் அங்க தேயிலைத் தோட்டத்தில இருந்துதானே கலவரத்தில அடிபட்டு வந்தவை?"

"பொய்யில்லை" என்றார் அக்கா. "ஆனா கேட்டது உன்னட்டயோ?"

அதற்குப் பிறகு ஐந்து கிலோமீற்றர் நான் அக்காவையும் பின்னால் விட்டுத் தனியே மிதித்தேன். பிழை என்னுடையது என்று தெரிந்துதான் இருந்தது. தெரிந்த பிறகுதான் எனக்குக் கோபம் கூடும்.

புதுக்குடியிருப்புக்குக் கொஞ்சம் முன்னால் என் பின்சில்லுக்குக் காற்றுப் போனது. இறங்கி நின்றேன். முன்னால் போனவள் எப்படிக் கண்டாளோ தெரியாது, திரும்பி வந்தாள். ஒட்டுகிற சாமான் எங்களில் அவளிடம்தான் இருந்தது. ஒரு பெட்டிக்கடையில் பேசின் நிறையத் தண்ணீர் வாங்கி, சைக்கிளைக் கவிழ்த்து, டயரைக் கழற்றி, ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கினாள். குமிழி வந்தது.

"நேற்று நான்..." என்று தொடங்கினேன்.

"பிடியுங்கோ டீச்சர்" என்று ரியூப்பின் ஒரு பக்கத்தைக் கையில் தந்தாள். பிறகு என்னைப் பாராமலே சொன்னாள். "நான் மலைநாட்டை ஒருக்காத்தான் கண்டனான். பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு போனவை. குளிரில காய்ச்சல் வந்து, ஒரு இடமும் பாக்காமல் பஸ்சுக்குள்ளயே படுத்துக் கிடந்து திரும்பி வந்தனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"வட்டக்கச்சியில அம்மா அப்பா காடு வெட்டின காணியில பிறந்தனான். நீங்கள் இடம்பெயர்ந்து வந்து பெட்டியோட ரோட்டில நிக்கேக்க எங்கட வளவுக்குள்ள கூப்பிட்டது ஆர்? உங்களை ஒருத்தரும் வந்த ஆக்கள் எண்டு சொல்லுறதில்லை. என்னைத்தான் எல்லாரும் சொல்லுறவை. அது எனக்குப் பழகிப்போச்சு. நீங்களும் சொல்லுவியள் எண்டு நான் நினைக்கேல்லை."

ஒட்டு காயும் வரைக்கும் அதைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டு குந்தியிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "நல்லா ஒட்டிட்டுதோ?" என்று மட்டும் கேட்டேன். இவ்வளவு வருடமும் படிப்பித்த வாய் இது.

அன்றைக்கு முல்லைத்தீவில் தங்கினோம். மூன்றாம் நாள் அளம்பில், செம்மலை, நாயாற்றுப் பாலம் என்று தெற்கே இறங்கினோம். அவள் இப்போது முன்னால் ஓடவில்லை, எங்களோடுதான் வந்தாள். காற்றைப் பற்றிக் கதைத்தாள், என் சில்லை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தாள். பகை இல்லை. ஆனால் முன்பு என்னோடு கதைத்த கதை வேறு. அது இனிமேல் வராமலே போய்விடுமோ என்று நாயாற்றிலிருந்து எனக்குப் பயமாக இருந்தது.

கொக்கிளாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் திரும்பிவிட்டது. களப்புக் கரையில் ஒரு பூவரச மரத்தின் கீழே நான்கைந்து பெண்கள் இறால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சைக்கிளை விட்டு இறங்கியதும் மணலிலேயே காலை நீட்டிவிட்டார். பூநகரியிலிருந்து வருகிறோம் என்றதும் பெண்கள் கைவேலையை விட்டார்கள்.

"சைக்கிளிலயோ? என்ன விசரோ உங்களுக்கு!"

எல்லாருமாகச் சிரித்தோம். ஒருத்தி எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எந்த இடம் நீங்கள்?"

அவள் பார்த்தது பக்கத்து வீட்டுக்காரியை. அக்கா பார்த்தது என்னை. நான் தண்ணீர்ச் செம்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

"வட்டக்கச்சி" என்றாள் இவள்.

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் நான் பிறக்கேல்லை."

கேட்டவளுக்குச் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. பிறகு என்னிடம், "நீங்களும் அந்த இடம்தானோ?" என்றாள்.

"இல்லை. நான் வந்த ஆள்" என்றேன். சொல்லும்போது குரல் உடைந்தது, அதை நான் மறைக்கவில்லை. "இடம்பெயர்ந்து ரோட்டில நிண்ட எங்களை இவாதான் கூப்பிட்டு இருத்தினவா. வட்டக்கச்சி இவாவின்ர ஊர். நான் பக்கத்தில இருக்கிறன்."

பக்கத்து வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கியிருந்தது. என் கையிலிருந்த செம்பை வாங்கி, மிச்சத் தண்ணீரைக் குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"நீங்களும் வந்து எவ்வளவு காலம் டீச்சர்" என்றாள். "இனி அப்பிடிச் சொல்லாதேங்கோ."