வாஷிங் மெஷின் புத்தகம்

பால் பொங்கி வருவதற்குள் அண்ணி இரண்டு பக்கம் படித்துவிடுவார். இடது கையில் புத்தகம், வலது கை அடுப்பின் திருகில். பக்கத்தின் கடைசி வரியும் பாலின் நுரையும் ஒன்றாக வந்து சேரும். அடுப்பை அணைத்து, புத்தகத்தை மூடி, மிக்ஸிக்குப் பின்னால் செருகிவிட்டு, "இன்னிக்கு இன்னொருத்தனும் செத்தான்" என்று எனக்குச் செய்தி சொல்வார். அது துப்பறியும் கதை. சமையலறையை விட்டு அது வெளியே வந்ததே இல்லை. அட்டை முழுக்க எண்ணெய் விரல் தடங்கள். கதையில் வரும் போலீஸ்காரருக்கு இத்தனை தடயம் கிடைத்திருந்தால் முதல் பக்கத்திலேயே ஆளைப் பிடித்திருப்பார்.

தேநீரோடு பால்கனிக்குப் போனால் அங்கே, பூந்தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு மாலுமியின் பயணக் கதை இருக்கும். சோபாவின் இடுக்கில் எறும்புகளைப் பற்றிய அறிவியல் புத்தகம். கட்டிலின் தலைமாட்டில் காதல் கதை. பின்பக்கம் வாஷிங் மெஷின் மேல், தலையணை கனத்தில் ஒரு குடும்பக் கதை. ஒரே வீட்டுக்காக மூன்று தலைமுறை அடித்துக்கொள்கிறது. துணி சுற்றும் நேரத்தில் மட்டும், பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, அதைப் படிப்பார். மெஷின் துணியைப் பிழிய ஆரம்பித்ததும் கதையில் சண்டை சூடு பிடிக்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. "அந்தக் குடும்பத்துக்கு இந்தச் சத்தம் வேணும்டி. அமைதியா இருந்தா அவங்க சண்டை எடுபடாது."

ஐந்து புத்தகமும் ஒரே சமயத்தில் ஓடும். ஒன்று முடிகிற மாதிரி இருந்தால் அதற்கு முன்பே அந்த இடத்துக்கு அடுத்தது வந்து காத்திருக்கும். அடையாளம் வைக்கக் கையில் அகப்பட்டது எதுவும் போதும்: பஞ்சு வந்த உறை, பிளாஸ்திரியின் முதுகுக் காகிதம். எறும்புப் புத்தகத்துக்குள் ஒருமுறை என்னுடைய ஹேர்பின் இருந்தது. அதைத் தேடி நான் என் வீட்டையே தலைகீழாக்கியிருந்தேன்.

நான் அவருடைய நாத்தனார். சனிக்கிழமையானால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். நாத்தனார் வந்தால் வீட்டில் சண்டை வர வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. அதைக் காப்பாற்ற நானும் என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். குறை சொல்லலாம் என்று வாயைத் திறக்கும் நேரம் பார்த்து அண்ணி மாலுமியோடு நடுக்கடலில் இருப்பார். ஆளே இல்லாத இடத்தில் யாரோடு சண்டை போடுவது?

புத்தக விஷயத்தில் நான் வேறு ஜாதி. கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவேன். முடிவு தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. "சாப்பிடறதுக்கு முன்னாடியே ஏப்பம் விடுறவ நீ" என்பார் அண்ணி. அண்ணனோ எங்கள் இரண்டு பேரோடும் சேராதவர். லிஃப்ட் பழுது பார்ப்பது அவருடைய வேலை. "ஒரு லிஃப்டைப் பிரிச்சா, திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்துட்டுத்தான் அடுத்ததுல கை வைப்பேன். நடுவுல விட்டா உள்ள இருக்கிறவன் என்ன ஆவான்?" என்று மனைவிக்குப் பாடம் எடுப்பார். "என் கதைக்குள்ள இருக்கிறவங்க யாரும் இதுவரைக்கும் பெல் அடிக்கல" என்று அண்ணி பக்கத்தைத் திருப்புவார்.

வார நாட்களில் அண்ணி ஒரு வரியும் படிப்பதில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர் அவர். விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் கைகளை ஒவ்வொன்றாகத் தன் மடியருகே இழுத்து வைத்துக்கொள்வார். "பசியில இருக்கிறவங்ககிட்ட ரத்தம் கேக்குற பொழப்பு. முறைக்கத்தான் செய்வாங்க" என்பார். ஆனால் அவர் ஊசி போட்டு யாரும் கத்தி நான் கேட்டதில்லை. முழங்கையின் உள்பக்கத்தை ஒரு விரலால் இரண்டு தட்டு தட்டுவார், கொஞ்சம் அழுத்திப் பார்ப்பார், அவ்வளவுதான், நரம்பு அகப்பட்டுவிடும்.

அந்த விரல் வீட்டிலும் சும்மா இருக்காது. சோபாவில் எறும்புகளைப் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர் கை தானாக வந்து அவர்கள் முழங்கையின் உள்பக்கத்தைத் தடவும். தட்டும். தேடும். கண் புத்தகத்தில்தான் இருக்கும். "உன் நரம்பு நல்ல நரம்புடி, கூப்பிட்டா வரும். உங்க அண்ணனோடது மோசம். அவரை மாதிரியே, உள்ள இருக்கும், ஆனா வெளிய காட்டாது" என்று ஒருமுறை சொன்னார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, அடுப்படியில் நின்றபடி, "இந்த அச்சுக்கோக்கறவன் குடிச்சிட்டு வேலை பார்த்திருக்கான். வரியெல்லாம் வளையுது பாரு" என்றார். நான் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. பால்கனிக்குப் போனார், மாலுமியின் வரிகளும் வளைந்தன. சோபாவுக்கு வந்தார். கட்டிலுக்குப் போனார். கடைசியில் வாஷிங் மெஷின் பக்கத்து முக்காலியில் போய் உட்கார்ந்தார். "அஞ்சு பேரும் ஒரே நாள்ல குடிச்சிருக்க மாட்டாங்க" என்றார்.

வலது கண்ணின் விழித்திரை நடுவில் சின்ன ஓட்டை விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். இடது கண் பிறந்ததிலிருந்தே மங்கல். "அது சும்மா துணைக்கு வந்தது" என்று அண்ணியே கேலி செய்வார். இதுவரை ஐந்து புத்தகங்களையும் அத்தனை நரம்புகளையும் பார்த்துக்கொண்டது அந்த வலது கண் ஒன்றுதான். இப்போது எதைப் பார்த்தாலும் பார்க்கிற இடம் மட்டும் அழிந்துபோயிற்று. "கொலைகாரன் பேரைப் படிக்கலாம்னு போனா, எல்லாம் இருக்கு, பேரு மட்டும் இல்ல."

ஆபரேஷன் செய்தால் ஓட்டை பெரும்பாலும் மூடிக்கொள்ளும். புத்தகத்தின் பொடி எழுத்து பழையபடி தெரியுமா என்பதை மட்டும் இப்போது சொல்வதற்கில்லை. அண்ணி மறுநாளே வேலையிலிருந்து நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டார். "எனக்கே நம்பிக்கை இல்லாதப்ப அடுத்தவங்க கையில குத்தலாமா?" அன்றோடு அந்த விரலும் ஓய்ந்துவிட்டது. சோபாவில் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் கைகளைக் கட்டிக்கொள்வார். என் முழங்கையை நானே இரண்டு முறை அவர் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அது எனக்கு அவ்வளவு வருத்தமாக இருந்தது.

திங்கட்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். நான் ஒரு வாரத்துக்கான துணிமணியோடு சனிக்கிழமை காலையிலேயே போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் சாப்பாட்டு மேசையைப் பார்த்துத் திகைத்துப் போனேன். ஐந்து புத்தகங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக அங்கே அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் புது மேசை விளக்கு, கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி. எல்லாம் அண்ணனின் ஏற்பாடு. விடியற்காலையில் எழுந்து, மூலை மூலையாகப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"எல்லாம் ஒரே இடத்துல இருக்கு. வெளிச்சமும் இருக்கு. இன்னிக்கும் நாளைக்கும் வேற வேலையே உனக்குக் கிடையாது. சமையல் நான் பார்த்துக்கறேன். ஒவ்வொண்ணா எடுத்து முடிச்சிடு" என்றார்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு புத்தகத்தைத் திறந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அழியாத ஓரத்தால் எழுத்தைப் பிடித்துப் பிடித்துப் படித்தார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "ஏங்க, இந்த மாலுமி எதுக்கு வக்கீலைப் பார்க்கப் போறான்?" என்றார்.

கையிலிருந்தது குடும்பக் கதை. இத்தனை காலம் இடத்தை வைத்தே ஆட்களைத் தெரிந்துவைத்திருந்தவர். முக்காலியும் மெஷின் சத்தமும் இல்லாமல், பெயர்களும் பாதி அழிந்திருக்க, மூத்த பேரனை மாலுமி என்று நினைத்துவிட்டார். நான் சிரித்துவிட்டேன். அண்ணியும் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"இதுக்குத்தான் சொல்றேன். ஒண்ணையாவது உருப்படியா முடிச்சிட்டுப் போ."

"எங்க போறேன்? ஆஸ்பத்திரிக்குத்தானே? திரும்பி வரமாட்டேனா?"

"வருவ. வந்து படிக்க முடியலன்னா? அஞ்சு கதையோட முடிவும் தெரியாமலே இருந்துடுவியே." இத்தனை நாளாக டாக்டரிடமும் அவர் கேட்காமல் தள்ளிப்போட்டு வந்த கேள்வி அது.

அண்ணி புத்தகத்தை மூடினார். "முடிவுதானே? உங்க தங்கச்சியைக் கேட்டா அஞ்சையும் இப்பவே சொல்லிடுவா. அவ எல்லாத்தையும் கடைசிப் பக்கம் பார்த்து வச்சிருக்கா." உண்மைதான், நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எனக்கு முடிவு வேணாங்க. சனிக்கிழமை எழுந்தா வீட்டுல அஞ்சு இடத்துல யாராவது எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கணும். எல்லாரையும் முடிச்சு அனுப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, திரும்பி வர்றப்ப வீட்டுல யார் இருப்பா?"

"நான் இருப்பேன்" என்றார் அண்ணன்.

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நேராகப் பார்த்தால் அவர் முகம் தெரியாதே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "நீங்க இருப்பீங்க, தெரியும். லிஃப்டைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பீங்க" என்று சொல்லி எழுந்தார். ஐந்து புத்தகங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு, துப்பறிபவரை மிக்ஸிக்குப் பின்னாலும் மாலுமியைப் பூந்தொட்டிக்குப் பக்கத்திலுமாக, அவரவர் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். நான் குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு நாளும் எந்த அவசரமும் இல்லாமல்தான் கழிந்தன. பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் உட்கார்ந்தார். சில இடத்தில் ஒரு பத்தி, சில இடத்தில் நாலு வரி. கண் வலித்தால் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். பால் ஒருமுறை பொங்கி வழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒத்திகை நடந்தது. ஆபரேஷன் முடிந்ததும் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி விடுவார்களாம். அது அந்த ஓட்டையை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டுமானால் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும், ஒரு வாரம், தூங்கும்போதும்கூட. அண்ணன் அதற்காகப் பலகை ஒன்றில் முகம் கொள்ளும் அளவுக்கு வட்டமாகத் துளை வெட்டி, சுற்றிலும் பஞ்சு வைத்துத் தைத்து, கட்டிலின் ஓரத்தில் திருகிப் பொருத்தியிருந்தார். தானே அதில் முழு பாரத்தையும் போட்டுக் குப்புறப் படுத்துப் பார்த்து, "ரெண்டு ஆள் தாங்கும்" என்று சான்றிதழ் கொடுத்தார். பிறகு அண்ணி படுத்தார்.

"இந்தத் தரையை இவ்ளோ கிட்டத்துல நான் பார்த்ததே இல்ல. யாரு பெருக்கினது?" என்று பலகைக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. பெருக்கியது நான். நாத்தனார் குறை சொல்ல வந்த வீட்டில் நாத்தனாருக்கே குறை.

"கழுத்து வலிக்குதா?" என்றார் அண்ணன்.

"இல்ல."

"ஒரு வாரம் இப்படியே என்ன பண்ணுவ?"

பலகையின் இரண்டு பக்கமும் அண்ணியின் கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்குப் பயமாக இருந்தது. இந்த வாரத்தின் கடைசிப் பக்கத்தை யாராவது எனக்குக் காட்டினால் தேவலை என்று இருந்தது.

அண்ணன் எழுந்து வெளியே போனார். திருப்புளி எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் பின்பக்கம் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. வாஷிங் மெஷின் முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அண்ணன் அந்தத் தலையணைப் புத்தகத்தோடு அறைக்குள் வந்தார்.

"அண்ணா, எல்லாத் துணியும் காலையிலயே துவைச்சாச்சே!" என்றேன்.

"துணி எதுக்கு? சத்தம்தானே வேணும்" என்றார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்து, அண்ணியின் முகத்துக்கு நேர் கீழே தலையைக் கொண்டுவந்து, புத்தகத்தை இரண்டு கையாலும் பக்கவாட்டில் பிடித்து, பிளாஸ்திரிக் காகிதம் இருந்த பக்கத்தைத் திறந்தார். லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படிப்பதுபோலப் படித்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே குரல். அழுகைக்கும் அதேதான், அதட்டலுக்கும் அதேதான். பாதியில் நிறுத்தி, "இவ பெரிய மருமகளா, சின்ன மருமகளா?" என்று கேட்டார்.

"சின்னவ. கோவக்காரி. கொஞ்சம் கத்திப் படிங்க" என்றார் அண்ணி.

பின்பக்கம் மெஷின் பிழிய ஆரம்பித்தது. காலியாக இருந்ததால் அது இன்னும் பலமாக எதிரொலித்தது. அண்ணனும் அதற்கு மேலே குரலை உயர்த்தி, சின்ன மருமகளுக்காகப் பெரிய மருமகளோடு சண்டை போட்டார். கட்டிலிலிருந்து தொங்கிய அண்ணியின் வலது கை மெல்ல அசைந்து, அவருடைய தோளைத் தொட்டு, கையோடு இறங்கி, முழங்கையின் உள்பக்கத்துக்கு வந்தது. ஒரு விரல் இரண்டு முறை தட்டியது. கொஞ்சம் அழுத்திப் பார்த்தது. பிறகு அங்கேயே இருந்தது.