மாமி வீட்டுக்கு அம்மன் வந்த கதை

எங்கள் ஊர் அம்மன் கோயில் சடங்குக்குக் காப்புக் கட்டினால் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கூடாது, குடியும் கூடாது. கல்யாணமான நாள் முதல் ஒரு நாளும் தவறாமல் குடித்து வந்த என் கணவர், போன வருடம் காப்பைக் கட்டிக்கொண்டு ஒரேயடியாக விட்டார். ஊரே மெச்சியது. அவரைப் பெற்ற மாமி அம்மனுக்குப் பொங்கல் வைக்க நேர்ந்தார்.

மறுநாளே தேநீர்க் கோப்பையை வாய்வரை கொண்டுபோக அவரால் முடியவில்லை. சட்டையெல்லாம் வியர்வை.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவம் மாமி," என்றேன்.

"காப்புக் கட்டின ஆள் ஆஸ்பத்திரிக்குப் போறதோ? தீட்டுப் பட்டிரும் புள்ள."

உயிர் போனாலும் தீட்டுப் படக்கூடாது அல்லவா? நனைந்த சட்டையைக் கழற்றி வேறு போட்டுவிட்டேன்.

அடுத்த நாள் உடம்பு முழுவதும் நடுங்கியது. சுவரோடு பேசத் தொடங்கினார். மாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகனுக்கு உரு வந்திருக்கிறது. தெய்வம் ஏறியவர் சொல்லும் வாக்குக்கு எங்கள் பக்கத்தில் கட்டு என்று பெயர். கட்டுக் கேட்க உறவுகள் வெற்றிலைத் தட்டோடு வந்து குந்திவிட்டார்கள். வந்த அம்மனுக்குத் தேநீர் ஊற்றும் வேலை எனக்கு.

"சுவரெல்லாம் எறும்பு," என்றார் அவர்.

"இந்த முறை வயல் வட்டையில நெல்லுக் குவியப்போகுது," என்றார் பெரிய மச்சாள்.

"பாம்பு, பாம்பு."

"நாகதம்பிரானுக்கு நேர்த்தி வெச்சிட்டு மறந்திட்டம்," என்றார் மாமி.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "என்னப் புடி புள்ள. பயமாக் கிடக்கு."

அதற்கு மட்டும் ஒருவரும் பொருள் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் தேவையில்லை. ஓட்டோவைக் கூப்பிட்டு, மாமியின் சாபத்தையும் வாங்கிக்கொண்டு அவரை ஏற்றினேன். பாதிவழியில் என் மடியிலேயே வலிப்பு வந்தது. வாயில் நுரை தள்ளியது. அன்று நான் பயந்ததுபோல் என்றும் பயந்ததில்லை.

"ஒவ்வொரு நாளும் குடிச்ச ஆள் சடாரெண்டு நிப்பாட்டினா உயிருக்கே ஆபத்து," என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா. "விடத்தான் வேணும். ஆனா எங்களிட்ட வந்து, மருந்தோட விட வேணும். வீட்டில வெச்சுப் பாக்கிற வேலையில்ல இது."

குடித்துச் சாவார் என்றுதான் இத்தனை காலமும் பயந்திருந்தேன். விட்டும் சாகலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வாட்டில் படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். எறும்பும் பாம்பும் ஒவ்வொன்றாகப் போயின. அதன்பிறகு அவர் குடிக்கவில்லை.

இந்த வருடமும் சடங்குக்குக் காப்புக் கட்டினார். உறவுகள் வெற்றிலைத் தட்டோடு வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தேநீரை ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்துவிட்டுக் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

அம்மன் வரவில்லையே என்று மாமிக்கு முகம் வாடிப்போயிற்று. எனக்கு இவர் திரும்பி வந்ததே போதும்.