அரை டம்ளர் வீடு

எங்கள் வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அரை டம்ளர் வீடு. வைத்தவள் என் சம்பந்தியம்மாள், மருமகளைப் பெற்றவள், அருப்புக்கோட்டைக்காரி.

கதை இதுதான். மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறோம், ஒரு வேன் ஆள்தான் என்று சொல்லிவிட்டார்கள். வந்து இறங்கியதோ இரண்டு வேன். இருக்கிற பால் ஒரு வேனுக்குத்தானே வரும்? அடுப்படியில் நான் எவ்வளவோ சாமர்த்தியம் பண்ணிப் பார்த்தேன். கடைசி வரிசைக்குப் பாதி டம்ளர் காப்பிதான் போனது. அந்தக் கடைசி வரிசையில் யார் உட்கார்ந்திருந்தது என்று நினைக்கிறீர்கள்? சம்பந்தியம்மாளேதான். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடுக்குப் பானைக்குள்கூட எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியாக வந்து உட்கார்ந்தால் வேறென்ன கிடைக்கும்?

எங்கள் பக்கத்தில், வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தால் தளும்பத் தளும்பக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் விரலில் இரண்டு சொட்டுச் சிந்தினால்தான் மரியாதை. குறைத்து ஊற்றினால், குடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பு என்று அர்த்தம். சம்பந்தியம்மாள் கிளம்பவில்லை. பெண்ணையும் கொடுத்தாள், கூடவே பெயரையும் கொடுத்தாள்.

அன்றிலிருந்து போன் அடித்தால் முதல் பேச்சே, "என்னம்மா, அரை டம்ளர் வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்பதுதான். கல்யாண வீடோ, காதுகுத்தோ, எங்கே பார்த்தாலும் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி அதையே சொல்வாள். நான் திருப்பி ஏதாவது சொல்லிவிடுவேன், எனக்கு வாய் இருக்கிறது. மருமகள்தான் பாவம். பிறந்த வீடு புகுந்த வீட்டைக் கேலி பண்ணும்போது எந்தப் பக்கம் சிரிப்பது என்று தெரியாமல் நிற்பாள்.

அவள் நூல் மில் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். எங்கள் ஊர் ரெட்டியபட்டியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். போன தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் ஷேர் ஆட்டோவில் பெரிய அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். நான் மிக்சி என்று நினைத்தேன்.

"காப்பி மெஷினு அத்தை. போனஸ்ல வாங்குனேன்."

"ஏத்தா, வீட்டுல பில்டர் இருக்குல்ல. அதுக்கு என்ன கேடு?"

"எத்தனை பேரு வந்தாலும் பட்டன அமுக்குனா ஊத்திக்கிட்டே இருக்கும் அத்தை. இனிமே எங்க அம்மா அந்தப் பேரச் சொல்லட்டும், பாப்போம்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சேலை எடுக்கவில்லை, தோடு எடுக்கவில்லை. என் வீட்டுப் பெயரை அழிக்கத் தன் போனசைப் போட்டிருக்கிறாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அதனால், "கரண்டு பில்லு யாரு கட்டுறது?" என்று கேட்டு வைத்தேன்.

மெஷின் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பின்பக்கம் தண்ணீர் டப்பா. முன்னால் கைப்பிடி வைத்த சல்லடை, அதில் தூளை அமுக்கி மாட்ட வேண்டும். மேலே இரண்டு பட்டன். ஒன்றில் சின்னக் கப் படம், இன்னொன்றில் பெரிய கப் படம். பெரியதை அமுக்கினால் கறுப்பாக டிகாஷன் இறங்கும், பாலைக் காய்ச்சி நாம் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் முதல் பங்கு என் வீட்டுக்காரருக்கு. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. சுவரில் போட்டோவாக இருக்கிறார். போட்டோவுக்கு முன்னால் அவர் குடித்த பித்தளை டம்ளர் இருக்கிறது. டம்ளர் என்று சொல்வது மரியாதைக்குத்தான், மூன்று விரல் நுழையாது. பருத்திக் காட்டுக்குக் கூலிக்குப் போன காலத்தில், தூக்குவாளியில் கருப்பட்டிக் காப்பி கொண்டு போவோம். எல்லோருக்கும் ஊற்றிவிட்டு மிஞ்சியதைத்தான் தனக்கு ஊற்றிக்கொள்வார். என்ன மிஞ்சும்? ஒரு மடக்கு. பிறகு கை கொஞ்சம் நிமிர்ந்து, வீட்டில் தாராளமாகக் காப்பி போட்ட காலத்திலும் அதற்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. "குடிக்கிறீகளா, வாய் கொப்புளிக்கிறீகளா?" என்று கேட்பேன். சிரிப்பார்.

அதனால் மெஷினில் முதல் காப்பி அவருக்குத்தான். பித்தளை டம்ளரை நான் பிடித்துக்கொண்டேன். மருமகள் பெரிய பட்டனை அமுக்கினாள். புதுசு பார்த்தீர்களா, விரலை எடுத்தால் நின்றுவிடுமோ என்று பயந்து அமுக்கியபடியே நின்றாள். புர்ரென்று இறங்கியது. டம்ளர் நிறைந்துவிட்டது.

"போதும்த்தா, போதும், எடு கைய!"

விரலை எடுத்தாள். நின்றது. பட்டனில் இருந்த லைட் இரண்டு தடவை மின்னியது.

"ஆத்தே, என்னயப் பாத்துக் கண்ணடிக்குது" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு எங்களுக்குப் போட்டோம். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் பெரியது. அதில் அடிப்பாகம் நனைகிற அளவுக்குத்தான் டிகாஷன் வந்தது, அதோடு நின்றுகொண்டது. இன்னொரு தடவை அமுக்கினால் சக்கையில் தண்ணீர் ஊற்றிப் பிழிந்த மாதிரி வெளிறிப்போய் வந்தது. பாலை ஊற்றினால் பால் பால்தான். காப்பி எங்கே என்று தேட வேண்டும்.

"புது மாடு மாதிரித்தான். பழகப் பழகக் குடுக்கும்" என்றேன். மாடு பழகியிருக்கும். இது பழகவில்லை. மறுநாளும் அதே அளவு. அதற்கடுத்த நாளும் அதே அளவு.

மகன் அதைச் சரிபண்ணக் கிளம்பிவிட்டான். லோடு வண்டி ஓட்டுகிறவன். வண்டி நின்றால் டீசல் பைப்பைக் கழற்றி வாயால் ஊதுவான், அதுதான் அவன் வைத்தியம். மெஷினுக்கும் அதையே செய்தான். தண்ணீர் டப்பாவைக் கழற்றி, அடியில் இருந்த துவாரத்தில் வாயை வைத்து ஊதினான். முகம் சிவந்தது. காப்பி கூடவில்லை.

"எல்லாம் உப்புத் தண்ணி ஆத்தா. உள்ள படிஞ்சு போச்சு."

எங்கள் ஊர் போர் தண்ணீரில் துவைத்த வேட்டியைத் தரையில் நிறுத்தினால் ஆள் இல்லாமலே நிற்கும். அதனால் எது கெட்டாலும் உப்புத் தண்ணீர் மேல்தான் பழி. ஆனால் மெஷினுக்கு நாங்கள் ஊற்றியது வண்டியில் வருகிற நல்ல தண்ணீர். சொன்னால் கேட்பானா? எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி ஓடவிட்டான். ஒரு நாள் முழுக்கக் காப்பி புளித்தது. அளவு மட்டும் மாறவில்லை.

மருமகளுக்குத் தூள் மேல் சந்தேகம். நைசாக அரைத்த தூள் அடைத்துக்கொள்ளும் என்று யாரோ மில்லில் சொல்லியிருக்கிறார்கள். கடையில் குறுணையாக அரைத்து வாங்கி வந்தாள். சல்லடையை ஊசியால் குத்திக் கழுவினாள். அதே அளவு.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? எதிர்வீட்டுக்காரி வந்து, "யாத்தே, மெஷினுலாம் வந்துருச்சே" என்று கண்ணை விரித்துவிட்டுப் போனது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. யாரும் இல்லாத நேரத்தில் உப்பும் மிளகாயும் எடுத்து மெஷினைச் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடி ஏறவில்லை. அதாவது கண்பட்டிருந்தது கழிந்துவிட்டது. காப்பியும்தான் ஏறவில்லை.

இதற்கு நடுவில் சம்பந்தியம்மாள் போன் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை தன் அக்காமார் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். "மெஷினு வாங்கிருக்கீகளாம்ல. அரை டம்ளர் வீட்டுல இனிமே முழு டம்ளரா, இல்ல அதுலயும் அரைதானா? வந்து பாத்துர வேண்டியதுதான்."

போனை வைத்துவிட்டு மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மகன் சொன்னான்: "திருப்பிக் கடையில குடுத்துரு. பில்டர்லயே போட்டுக் குடு. எதுக்கு அவுககிட்டக் கெட்ட பேரு?"

"எடுத்து உள்ள வச்சுட்டா, கெட்டுப்போச்சுனு ஆகாதா? மெஷினு வாங்குனாலும் அந்த வீட்டுல அரை டம்ளர்தான்னு எங்க அம்மா ஊரு பூரா சொல்லும்." மெஷின் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எனக்காக இல்லங்க. இது என் வீடு. எங்க அத்தையச் சொல்லுறத இனிமே என்னால கேக்க முடியாது."

மகன் வெளியே போய்விட்டான். நானும் கொல்லைப்பக்கம் போய், காய்ந்த துணியையே திரும்பவும் உதறிப் போட்டேன். மருமகள் இப்படிச் சொல்லக் கேட்ட மாமியார் எங்கள் தெருவில் வேறு எவள் இருக்கிறாள்? இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள்தான் வேலை. வந்ததும் பெட்டியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி நடுவில் வைத்தாள். ஒரு பொண்ணு பேசியது. நல்ல தமிழ்தான்.

"காபி சொட்டுச் சொட்டா வருதா மேடம், இல்ல நல்லா வந்துட்டு டக்குனு நிக்குதா?"

மருமகள் யோசிப்பதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். "நல்லா வீறாப்பாத்தான் தாயி வருது. பாதியில மூஞ்சியத் திருப்பிக்கிருது."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அப்ப அடைப்பு இல்லங்க பாட்டி. முதல் தடவை போடும்போது பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தீங்களா?"

"இருந்தோம்."

"கைய எடுத்ததும் லைட்டு ரெண்டு தடவை மின்னுச்சா?"

"மின்னுச்சு தாயி. கண்ணடிக்குதுன்னு சிரிச்சோம்."

"அதாங்க. அமுக்கிப் பிடிச்சா மெஷினுக்கு நீங்க அளவு சொல்லிக் குடுக்கிறீங்கன்னு அர்த்தம். எவ்வளவுல கைய எடுத்தீங்களோ, அதுதான் ஒரு கப்புன்னு அது ஞாபகம் வச்சுக்கும். திரும்பவும் அதே மாதிரி பிடிச்சு, வேண்டிய அளவுல விட்டீங்கன்னா சரியாயிடும்."

மருமகள் போனை வைத்தாள். நான் மருமகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சுவரைப் பார்த்தோம். போட்டோவில் அவர், தனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தார்.

மருமகள் பித்தளை டம்ளரை எடுத்து வந்தாள். மெஷினுக்கு அடியில் வைத்துப் பெரிய பட்டனைத் தட்டினாள். புர்ரென்று வந்தது. டம்ளர் நிறைந்தது. விளிம்பில் வந்து நின்றது. ஒரு சொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"ஏங்க, போய்ச் சேந்த பிறகு எங்களுக்கும் உங்க அளவுலதான் ஊத்துவீகளா?" என்றேன்.

மருமகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைக்க இரண்டு பேருக்கும் என் முந்தானை ஒன்றே போதவில்லை. யோசித்துப் பாருங்கள். இத்தனை நாளும் மகன் ஊதியது, எலுமிச்சை உப்பு ஊற்றியது, நான் சுற்றிப் போட்டது எல்லாமே, சொன்ன பேச்சை ஒழுங்காகக் கேட்ட மெஷினைத்தான்.

பிறகு வேலையைப் பார்த்தோம். சல்லடையில் தூளை நிறையப் போட்டு, எவர்சில்வர் டம்ளரை வைத்தோம். "விளிம்பு வரைக்கும் பிடி" என்றேன்.

"அத்தை, அம்புட்டும் டிகாஷனா இறங்குனா கடைசியில வெறுந்தண்ணிதான் வரும். பாலுக்கு இடம் விடணும்." சரியான இடம் வந்ததும் விரலை எடுத்தாள். மெஷின் கண்ணடித்தது. பாலை ஊற்றினாள். தளும்பியது.

அதோடு விடவில்லை அவள். பித்தளை டம்ளரைக் கழுவி வைத்து, சின்னக் கப் படம் போட்ட பட்டனை அமுக்கிப் பிடித்தாள். நிறைந்ததும் விட்டாள்.

"இது மாமா பட்டன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாள் அக்காமாரோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். நேராக மெஷினைத்தான் பார்த்தாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "அரை டம்ளர் வீட்டுக்கு மெஷினு வந்துருச்சுக்கா, பாத்துக்கோங்க" என்று அக்காமாருக்குக் காட்டிக்கொடுத்தாள்.

மருமகள் பட்டனைத் தட்டினாள். மெஷின் சொன்ன பேச்சைக் கேட்டது. டம்ளர் டம்ளராக இறக்கியது. அவள் நுரையோடு பாலை ஊற்றி, முதலில் தன் அம்மாவிடம்தான் நீட்டினாள். வாங்கும்போதே சம்பந்தியம்மாள் விரலில் சிந்தியது.

"ஸ்ஸ், சுடுது."

"மரியாதை மதினி, சுடத்தான் செய்யும்" என்றேன்.

ஊதி ஊதிக் குடித்தாள். ருசியாக இல்லாவிட்டால் சொல்லியிருப்பாள், அவளை எனக்குத் தெரியும். டம்ளர் காலியானதும் நான் மருமகளைப் பார்த்தேன். அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? மெஷின் மறுபடியும் புர்ரென்றது. இரண்டாவது டம்ளர் தளும்பிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் சம்பந்தியம்மாள் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தாள்.

"ஆத்தாடி, போதும் மதினி! வயிறு கொள்ளாது. அரை டம்ளர் ஊத்துங்க, போதும்!"

சொல்லிவிட்டாள். தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அக்காமார் இரண்டு பேரும் சேலையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

நான் மிகவும் பணிவாகச் சொன்னேன். "அந்தப் பழக்கம் எங்க வீட்டுல இல்லையே மதினி."

சம்பந்தியம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏண்டி, இதுக்குத்தான் மெஷினு வாங்குனியா?"

"ஆமாம்மா" என்றாள் என் மருமகள், தலை நிமிர்ந்து. அந்த 'ஆமா'வுக்கு மெஷினையும் வீட்டையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது எனக்கு.

முழு டம்ளரையும் குடித்துவிட்டுத்தான் சம்பந்தியம்மாள் எழுந்தாள். குடிக்க வைத்துத்தான் அனுப்பினேன்.

அடுத்த வாரம் போன் வந்தது. மருமகள் எனக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு, வழக்கமான அந்த முதல் பேச்சுக்குக் காத்திருந்தாள். வெறுமனே "சௌக்கியமாம்மா?" என்று மட்டும்தான் கேட்டது. நான் அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டேன்.

"மதினி, வீட்டுப் பேரச் சொல்ல மறந்துட்டீகளே!"

"போன வைடி" என்றாள் சம்பந்தியம்மாள்.