ஐம்பது எம்.எம். வழக்கு

அச்சகத்தில் அவரைப் புள்ளிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை அச்சடிக்கிற இடம் அது. மெஷினிலிருந்து வந்து விழுகிற தாள்களில் இருநூற்றுக்கு ஒன்றை உருவி, சாய்வு மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக் குனிவார். நீலப் புள்ளி, மஞ்சள் புள்ளி, சிவப்புப் புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் இருபத்தாறு வருஷமாக அவருடைய வேலை. முடியளவு விலகியிருந்தாலும் கையைத் தூக்கிவிடுவார். மெஷின் நிற்கும். மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு வயிறு எரியும். பெண் பார்க்கப் போன இடத்திலும் இந்த மனுஷன் பூதக்கண்ணாடியை எடுத்திருப்பார், அதனால்தான் ஒண்டிக்கட்டையாக நிற்கிறார் என்று கேன்டீனில் ஒரு பேச்சு உண்டு. அது அவர் காதிலும் விழும். டீயை இன்னும் கொஞ்சம் ஊதிக் குடிப்பார், அவ்வளவுதான்.

உண்மையில் அவர் பெண் பார்க்கவே போனதில்லை. அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்தார். தங்கையைப் படிக்க வைத்து, நல்ல இடத்தில் கொடுத்து, படுக்கையில் விழுந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்து முடித்து நிமிர்ந்தபோது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. வீட்டில் ஒரு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த பால்கனி, ஒரு நாற்காலி. அம்மாவின் கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டார். அது கிடந்த இடம் மட்டும் தரையில் வேறு நிறமாகத் தெரிந்தது.

"சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காதண்ணா" என்று சொல்லித் தங்கைதான் ஒரு கேமராவை வாங்கி அனுப்பினாள். அதோடு ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்றும் வந்தது. கிட்ட இழுப்பது, தள்ளி வைப்பது என்ற வித்தையெல்லாம் அதற்குத் தெரியாது. முகம் பெரிதாக வேண்டுமென்றால் நாம்தான் நடந்து போக வேண்டும். அதன் மேல் 1.8 என்று போட்டிருந்தது. அந்த எண் குறையக் குறைய லென்சின் வாய் அகலம் என்று பொருள். வாய் அகலமானால் வெளிச்சம் நிறைய வரும், முகம் மட்டும் பளிச்சென்று நிற்க, பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து போகும். பால்கனியில் ஒரு துணிக்கிளிப்பை வைத்து முதல் படத்தை எடுத்தார். கிளிப்பின் கம்பிச்சுருள் ஒவ்வொன்றும் தெரிந்தது. எதிர்ச்சாரி மரத்து இலைகளுக்கு நடுவே வந்த வெளிச்சம் வட்டம் வட்டமாக மிதந்தது. அன்றைக்கு அவர் சாப்பிட மறந்துவிட்டார்.

இந்த மாதிரி லென்சுகளைப் பற்றி எழுதிக்கொள்கிறவர்களுக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. சொந்தப் பெயர் யாருக்கும் கிடையாது. இவர் 'புள்ளி' என்று சேர்ந்தார். சேர்ந்த இரண்டாம் வாரமே 'கழுகு' என்ற ஒருவரோடு முட்டிக்கொண்டார். கழுகிடம் இருந்தது 1.2 லென்ஸ். பூட்டு மாதிரி கனம், விலையும் அதற்கேற்ற கனம். பின்னணி கரைகிற அழகில் அதை மிஞ்ச எதுவும் இல்லை என்பது கழுகின் கட்சி. கரையட்டும், யார் வேண்டாமென்றது, முழுசாகத் திறந்து வைத்தால் கண்ணிமையும் சேர்ந்து கரைகிறதே என்பது புள்ளிக்காரரின் கட்சி. மற்றவர்கள் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். இவர்கள் இருவரும் விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக ஆறு வருஷம் எழுதினார்கள்.

வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வார். கழுகின் பதில் வந்திருக்கும். சில நாள் நாலு வரி, சில நாள் நாற்பது. பதிலுக்கு அவர் படம் எடுப்பார், ஓரத்தைப் பெரிதாக்குவார், அம்புக்குறி போடுவார். பகலில் மெஷின் சத்தத்துக்கு நடுவே அன்றைக்கு எழுத வேண்டியதை மனசுக்குள் செதுக்கிக்கொண்டிருப்பார். தங்கை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் சாப்பாடு, உடம்பு, மழை மூன்றையும் விசாரித்துப் பேச்சு முடிந்துவிடும். கழுகோடு முடிந்ததே இல்லை.

ஏழாம் வருஷத் தொடக்கத்தில் கழுகிடமிருந்து செய்தி வந்தது. ஒரு வேலையாக இவர் ஊர்ப் பக்கம் வருவதாகவும், அடுத்த ரயிலுக்கு நாலு மணி நேரம் இருக்கும் என்றும், லென்சைக் கொண்டு வருவதாகவும் எழுதியிருந்தார். ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல், ஒரே வெளிச்சம். பார்த்துவிடுவோம் என்று முடித்திருந்தார்.

புள்ளிக்காரர் அந்த வாரம் முழுக்க வீட்டைத் துடைத்தார். இன்னொரு நாற்காலி வாங்கினார். இரண்டாவது டம்ளரைத் தேடி, கிடைக்காமல், அதையும் வாங்கினார். ஒருத்தர் வீட்டுக்கு வருகிறார் என்று தங்கையிடமும் சொன்னார். அவள், அவருக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டு வைத்துக்கொள் என்றாள். நடுவர் மாதிரி ஒன்று இருக்கட்டும் என்று கேமரா கடையில் 1.4 லென்ஸ் ஒன்றையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தார்.

வந்தவர் கழுகு மாதிரியே இல்லை. ஒடிசலான தேகம், அறுபது வயது, சோடாபுட்டிக் கண்ணாடி. பொய்ப்பல் செட் செய்கிற பட்டறை வைத்திருப்பவராம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே புள்ளிக்காரரின் வாயைப் பார்த்து, "முன்பல்லுல ஓரம் உடைஞ்சிருக்கு, சின்ன வயசுல விழுந்தீங்களோ?" என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். ஆறு வருஷம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டவர்கள், நேரில் 'புள்ளி சார்', 'கழுகு சார்' என்று மரியாதை வைத்துக்கொண்டு டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

லென்சை எடுத்து வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. முதலில் சுவரில் செய்தித்தாளை ஒட்டி மூன்றாலும் எடுத்தார்கள். நடுவில் மூன்றுமே தேவலை. மூலையில் 1.4 எழுத்துகளைக் கொஞ்சம் குழப்பியது. அடுத்தது முகம். கழுகைப் பால்கனிக் கதவுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார் புள்ளிக்காரர். பின்னால் எதிர்ச்சாரி மரம். முக்காலியில் கேமரா. கேமரா தானாகவே ஃபோகஸ், அதாவது குறி, பிடிக்கிற வசதியை இருவருமே நம்புகிறவர்கள் இல்லை. கையால் வளையத்தைத் திருகி, இடது கண்ணிமையில் குறி வைத்தார். 1.8-ல் மூன்று படம், 1.4-ல் மூன்று படம். அசையாதீங்க என்று அவர் சொல்ல, கழுகு கல்லாக உட்கார்ந்திருந்தார்.

பிறகு 1.2. குறி வைத்து முடித்து நிமிர்ந்தபோது, ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டார்.

"உங்க படத்துல முன்னாடியெல்லாம் ஒரு அம்மா இருப்பாங்களே, ஜன்னலோரமா. அவங்க யாரு சார்?"

"என் சம்சாரம்." கழுகு நாற்காலியின் நுனிக்கு வந்தார். "நல்லா உக்காருவா. இமை கூட ஆடாது. இப்ப நாலு வருஷமா என்னை யாருன்னு தெரியல அவளுக்கு. கேமராவை எடுத்தா பயப்படறா. வீட்டுக்குள்ள யாரோ வந்துட்டாங்கன்னு நினைக்கிறா."

புள்ளிக்காரர் மூன்று முறை பட்டனை அழுத்தினார். "ஆச்சு சார்" என்றார்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். 1.8 படத்தில் இமைமுடியை எண்ணலாம். ஆனால் பின்னால் இருந்த வெளிச்ச வட்டங்களுக்கு வளையல் மாதிரி ஒரு கரை இருந்தது. 1.4 இரண்டுக்கும் நடுவே, பெரிய குறையும் இல்லை, நிறைவும் இல்லை. 1.2-ல் மரம் அப்படியே பச்சைப் புகையாகக் கரைந்திருந்தது, அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் கண் மங்கல். மூன்று படத்திலும் மங்கல். கழுகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி, புள்ளி சார்" என்றார்.

ஸ்டேஷன் வரை போய் ரயில் ஏற்றிவிட்டு வந்தார் புள்ளிக்காரர். வரும் வழியெல்லாம் கால் தரையில் படவில்லை. மறுநாள் கழுகு இணையப் பக்கத்தில் எழுதியிருந்தார்: "ஆறு வருஷ வழக்கு முடிந்தது. தோற்றது நான். புள்ளி சாரின் உபசரிப்புக்கு நன்றி." பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து கை தட்டிவிட்டுப் போனார்கள்.

அவ்வளவுதான். மறுநாள் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எழுத இனி என்ன இருக்கிறது? வழக்கே முடிந்துவிட்டதே. வேலை முடிந்து வந்து சட்டையோடு உட்கார்வார், பக்கத்தைத் திறப்பார், மூடுவார். சட்டையைக் கழற்றி மாட்டுவார். புது நாற்காலியில் துணி மடித்து வைக்க ஆரம்பித்தார். அச்சகத்தில் ஒரு நாள் சிவப்பு விலகியிருந்ததைக் கவனிக்காமல் ஆயிரம் தாள் ஓடவிட்டார். மெஷின்காரர் திட்டவில்லை, உடம்புக்கு முடியலையா என்று கேட்டார். அதுதான் அவருக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

ஐந்தாவது வாரம், ஒரு விடுமுறைநாள் காலையில், வேறு வேலை இல்லாமல் அந்தப் படங்களைத் திறந்தார். தொழில் புத்தி போகாதே. 1.2 படத்தை மூலைக்கு மூலை பெரிதாக்கிக்கொண்டே போனவர் காதருகே நின்றார். காது மேட்டில் இருந்த நரைமுடி ஊசி மாதிரி நின்றது. அவ்வளவு கூர்மை 1.8-ல் கூட இல்லை. மற்ற படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இந்த மூன்றில் மட்டும் முகம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. மனைவியைப் பற்றிச் சொல்ல கழுகு நாலு விரல் அளவு முன்னால் வந்திருக்கிறார். 1.2-ல் ஒரு விரல் கனம் நகர்ந்தாலே குறி தப்பும். இவர் வைத்த குறி காதில் போய் விழுந்திருக்கிறது. லென்ஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை.

படத்தில் கழுகின் வாய் பாதி திறந்திருந்தது. ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிற முகம். அதைப் பார்க்கப் பார்க்க இன்னொன்றும் நினைவுக்கு வந்து நெஞ்சில் தைத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் படங்களில் அந்த அம்மாவின் முகம் வருவது நின்றுபோய், கழுகு ஒரு தண்ணீர் ஜாடியை வைத்துப் படம் எடுக்கத் தொடங்கியபோது, இவர் எழுதியிருந்தார்: ஜாடிக்கு இமை உண்டா, முகத்தை வைக்கப் பயமா?

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆறு வருஷத்தில் ஜெயித்த ஒரே காரியம் அது. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் எழுதினார். பக்கத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், சோதனை தப்பு, குறி காதில் விழுந்துவிட்டது, கழுகு சாரின் லென்ஸ் கண்ணைக் கூர்மையாகத்தான் எடுக்கும், தோற்றது நான் என்று போட்டார். அப்புறம் கழுகுக்கு மட்டும் தனியாக இன்னொன்று: "நீங்கள் உங்கள் வீட்டம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் காது கொடுக்காமல் பட்டனை அழுத்திவிட்டேன். அதனால் வந்த தப்பு. ஜாடியைப் பற்றி எழுதியதையும் மன்னிக்க வேண்டும்."

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. காதில் குறி விழுந்ததை அன்றைக்கே, இவர் வீட்டுத் திரையிலேயே பார்த்துவிட்டதாகக் கழுகு எழுதியிருந்தார். "பல் செட்டுல முடியளவு பிசகினாலும் கண்டுபிடிக்கிறவன் நான். நீங்க இருந்த சந்தோஷத்துல சொல்ல மனசு வரல." லென்ஸைப் பற்றி அந்த ஒரு பத்திதான். மீதி நீளமான கடிதம் முழுக்க மனைவியைப் பற்றி. காலையில் அவளை எழுப்புவது எப்படி, குளிக்க வைப்பது எப்படி, தன்னை அவள் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் செய்ய வந்த ஆளென்று நினைத்துக்கொண்டு, வேலை முடிந்ததா என்று தினமும் மரியாதையாகக் கேட்பது. அவளை ஓர் இல்லத்தில் சேர்க்கலாமா என்று விசாரிக்கத்தான் அன்றைக்கு அந்தப் பக்கம் வந்தாராம். பார்த்தாராம், மனசு ஒப்பவில்லையாம்.

புள்ளிக்காரர் பதில் எழுத உட்கார்ந்தார். அம்புக்குறி போட அதில் ஒன்றுமில்லை. எழுதி எழுதி அழித்தார். தெரிந்த ஒரே ஒரு விஷயத்தைத்தான் கடைசியில் கேட்டார், அம்மாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் அவருக்குத் தெரிந்த விஷயம்: "ராத்திரி தூங்குகிறார்களா? என் அம்மா தூங்க மாட்டாள்."

இப்போதும் அவர் அந்த அறையில் தனியாகத்தான் இருக்கிறார். கழுகு மறுபடி வரவில்லை. மனைவியை விட்டு நகர வழியில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கடிதம் வருகிறது, வராத நாள் நீளமாகத்தான் இருக்கிறது. இணையப் பக்கத்துக்குப் புதிதாக வந்த ஒருவர், எந்த ஐம்பது எம்.எம். வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தார். புள்ளிக்காரர் மூன்றின் குணத்தையும் விவரமாக எழுதிவிட்டு, யாரை எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். பதில் இன்னும் வரவில்லை.