பஞ்சம்மாள் வாங்காத சாவி

தாயில்பட்டியில் பஞ்சம்மாளுக்கு இருந்தது ஒரே அறையும் அடுப்படியும் உள்ள வீடுதான். ஊரில் ஆபீஸ் என்று சொல்லும் பட்டாசுத் தொழிற்சாலையில் சரவெடி பின்னிய கூலியில் கட்டியது. புருஷன் மாரிசாமி லாரியில் லோடு ஏற்றும்போது விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். அவன் வைத்தியத்துக்காக வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்து வட்டிக்காரர் சண்முகவேலிடம் கடன் வாங்கினாள். வாங்கியதற்கு மேலேயே வட்டி கட்டிவிட்டாள். அசல் மட்டும் அசையவில்லை.

2004 தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. ஆபீசில் வேலை இல்லை, வட்டி நின்றது. பஞ்சம்மாள் வேலை தேடி எம். புதுப்பட்டிக்குப் போயிருந்த நாளில் சண்முகவேல் ஆட்களோடு வந்து இறங்கினார். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த நிறைமாத மகள் ரோஜாவைப் பாயிலிருந்து கையைப் பிடித்து இழுத்துத் தெருவில் விட்டார்கள். மாரிசாமியையும் தூக்கி வந்து வெளியே போட்டார்கள். சட்டி பானைகளை வீசிவிட்டுக் கதவைப் பூட்டினார்கள்.

பஞ்சம்மாள் திரும்பியபோது ரோஜா தூறலில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. சண்முகவேல் பைக்கில் ஏறியபடியே சொன்னார்: “வெடி சுத்துறவளுக்குச் சொந்த வீடு ஒரு கேடா?”

அன்று சாயங்காலமே அரசு ஆஸ்பத்திரியில் ரோஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்றார்கள். பேத்தியைக் கையில் வாங்கியபோதும் பஞ்சம்மாள் முகம் மலரவில்லை. அந்த ஆளைத் தலைகுனிய வைக்காமல் தனக்குச் சோறு இறங்காது என்றாள்.

போலீசில் சமாதானமாகப் போகச் சொன்னார்கள். அவள் விருதுநகருக்குப் பஸ் ஏறி, குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தாள். அங்கே யாரோ கைகாட்டியதில், சாத்தூரில் பொன்னுத்தங்கம் என்ற வக்கீலைப் போய்ப் பார்த்தாள். பேங்குக்காரனே நோட்டீஸ் கொடுத்துக் கெடு வைக்காமல் வீட்டை எடுக்க முடியாது, வட்டிக்காரன் பூட்டுப் போட எந்தச் சட்டமும் இல்லை என்று வக்கீல் விளக்கினாள். போன வருஷம்தான் கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் வந்திருக்கிறது, வீட்டைத் திருப்பிக் கொடுக்கக் கோர்ட்டே உத்தரவு போடும் என்றாள்.

“வீடு கெடக்கட்டும்மா. அவன் உள்ள போவானா?”

“போவான். நீங்க நடுவுல பின்வாங்கக் கூடாது.”

மனுவுக்கு மேலிடத்திலிருந்து கேள்வி வந்ததும் போலீஸ் வழக்குப் பதிந்தது. உடனே ஆபீஸ் போர்மேன் சோலைச்சாமி தூது வந்தார். வீட்டுச் சாவியும் பத்திரமும் தருகிறார்கள், கடனையும் விட்டுவிடுகிறார்கள், வழக்கை மட்டும் வாபஸ் வாங்கு என்றார். வாங்கிக்கொள்ளச் சொல்லி மாரிசாமி கண்ணீர் விட்டான். வீட்டுக்கு எதிரே தார்ப்பாய் கட்டித்தான் அப்போது அவர்கள் குடியிருந்தார்கள். ரோஜாவும் கெஞ்சினாள்.

“அண்ணாச்சி, எங்க வீட்டுச் சாவிய எனக்குக் குடுக்க அவன் யாரு? அதக் கோர்ட்டு குடுக்கும். எம்மக கையப் புடிச்சு இழுத்ததுக்கு என்ன கொண்டாந்திருக்கீக?”

சோலைச்சாமி சாவியை மடியில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

கோர்ட் ஆட்கள் உத்தரவோடு வந்து பூட்டை உடைத்து வீட்டைத் திறந்துவிட்டார்கள். சண்முகவேலைக் கடைத்தெருவில் வைத்துக் கைது செய்தபோது பஞ்சம்மாள் எதிர்வரிசையில் நின்றாள். திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. ஜீப் தெரு திரும்பும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

அதன்பின் எந்த வட்டிக்காரரும் அந்தத் தெருவுக்குக் கடன் தரவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் பணம் புரளாத அடுத்த வீட்டுக் குருவம்மாள் குழாயடியில் சண்டைக்கு வந்தாள். “ஒன் வீராப்புக்கு நாங்க பட்டினி கெடக்கோம்” என்றாள். பஞ்சம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஜாமீனில் வந்த சண்முகவேல் வாய்தா வாய்தாவாக வழக்கை இழுத்தார். பஞ்சம்மாள் கூலியை விட்டுவிட்டு, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போனாள். எல்லாவற்றுக்கும் வர வேண்டியதில்லை என்று வக்கீல் சொல்லிப் பார்த்தாள்.

“பேரக் கூப்பிட்டா கையக் கட்டி நிக்கிறான்லம்மா. அதப் பாக்கத்தான் வாரேன்.”

கடைசியில் தீர்ப்பு வந்தது, ஆறு மாதம் ஜெயில். வக்கீல் கையைப் பிடித்துக் குலுக்கினாள். சாத்தூரிலிருந்து ஊர் வந்து சேரும்வரை பஞ்சம்மாள் பஸ்ஸில், தீர்ப்புக் கேட்கக் கூட வந்திருந்த ரோஜாவிடம் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள், “ஆறு மாசந்தானா?” என்று.