பினாங்குப் பேனாவும் வள்ளிக்கண்ணுவின் கையும்

கரும்பலகையில் பாதிக் கணக்கு எழுதியிருந்தேன். பள்ளிப் பணியாளர் வகுப்பு வாசலுக்கு வந்து, "வள்ளிக்கண்ணு டீச்சர் மதுரை ஆஸ்பத்திரியில தவறிட்டாகளாம்மா" என்றார். மஞ்சள் காமாலை. மீதிக் கணக்கை என்னால் எழுத முடியவில்லை.

அவளும் நானும் இந்தப் பள்ளியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஆசிரியர் அறையில் வாய் திறக்கவே கூசுவேன். எனக்கும் சேர்த்து அவள்தான் பேசினாள்.

சென்ற தை மாதம் அவளுக்குப் பினாங்கில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையைப் பேசினார்கள். நிச்சயத்துக்கு முன்பே அவர் ஒரு பேனா அனுப்பியிருந்தார். தங்க முலாம் பூசிய மூடி, மெலிந்த கறுப்பு உடல், நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும் புது மாதிரி. ஆசிரியர் அறையில் எல்லோரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தோம். தலைமுறைக்கும் உழைக்கும் என்றார் தலைமையாசிரியை. மூடியை உருக்கினால் ஒரு மூக்குத்தி தேறும் என்றார் தையல் டீச்சர். அதில் எழுதிப் பார்த்தவள் வள்ளி மட்டும்தான்.

"பாக்க லெச்சணமா இருக்கு. ஆனா மூடியப் பின்னால மாட்டுனா கனத்துச் சாயுது. நிப்பு எங்குட்டுப் போகுதுன்னே தெரியல. சட்டைப் பைக்குன்னு செஞ்சிருக்காக. நமக்குச் சட்டைப் பை ஏதுடி?"

சிரித்தோம். அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவள் இடது கையால் எழுதுகிறவள். அந்தக் கைக்கு ஏற்றபடி தேய்ந்திருந்த கடைத்தெருப் பேனா அவளுக்கு வழுக்கிக்கொண்டு போகும். இந்தப் பேனா தாளைக் கீறியது.

மறுவாரம் மாப்பிள்ளையின் அக்கா கீழச்சிவல்பட்டியில் வள்ளி வீட்டுக்கு வந்தபோது துணைக்கு நானும் போயிருந்தேன். இடக்கை ஆகாது என்று நினைக்கிற குடும்பம். கல்யாணம் முடியும்வரை தெரிய வேண்டாம் என்று வள்ளியின் அம்மா முதல் நாளே கெஞ்சியிருந்தார். பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் வந்தவர் பேனாவை எடுத்து நீட்டி, தம்பிக்கு இதிலேயே நாலு வரி எழுதிக் கொடு என்றார். அம்மாவின் கண் வலது கையைக் காட்டியது. வள்ளி வலது கையால் மரியாதையாக வாங்கினாள். இடது கைக்கு மாற்றி எழுதத் தொடங்கினாள். நிப்பு குத்தித் தாள் கிழிந்தது.

"நான் இடக்கைக்காரி மதினி. பேனா மேல குத்தமில்ல, அதைச் செஞ்சவுகளுக்கு என்னையத் தெரியாது. கட்டிக்கப் போறவுகளுக்காவது தெரியட்டும்."

பேனா அன்றைக்கே திரும்பிப் போனது. சம்பந்தமும் அத்தோடு நின்றது. பேருந்தில் வரும்போது வருத்தமா என்று கேட்டேன். "வருத்தமில்லாமயா? அவுக போட்டோவ இன்னும் பைக்குள்ளதான் வச்சிருக்கேன்" என்று சொல்லி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துக்க வீட்டில் அவள் அம்மா என் தோளில் சாய்ந்து, "அன்னைக்குச் சோத்துக் கையால ரெண்டு எழுத்து எழுதியிருந்தா எம்மக இந்நேரம் பினாங்குல இருந்திருப்பாளே" என்று அழுதார். அவர் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தாள் கிழிந்த சத்தம் அன்று கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. வள்ளி பேனாவை வலது கைக்கு மாற்றவில்லை. கிழிசலுக்குக் கீழே இறங்கி அந்த வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.